பின்னால் போகாத நாக்கு

முள்ளித்துறையில் எதுவுமே பின்னால் போகாமல் நின்ற அந்த முப்பத்தெட்டு நாட்களைப் பற்றி இப்போது ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். மாதா கோபித்துக்கொண்டாள் என்கிறவர்கள் உண்டு, கடலுக்குள் யாரோ குழாய் இறக்கியதால் வந்தது என்கிறவர்களும் உண்டு. ஆனால் எந்த வழியில் தொடங்கினாலும் கடைசியில் என் வீட்டுப் பக்கம் கையை நீட்டி, அந்த அறுப்பு தொம்மை வயிற்றெரிச்சலில் செய்த வேலை என்றுதான் முடிக்கிறார்கள். வயிற்றெரிச்சல் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் செய்தது ஒரு ரீலைப் பிரித்துக் கழுவி, தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாகம் போட்டது மட்டும்தான். அதற்குள் ஊர் மாட்டிக்கொண்டது என்றால், ஊர் எந்த லட்சணத்தில் இருந்தது என்று ஊர்தான் யோசிக்க வேண்டும்.

அறுப்பு என்பது என் அப்பா வைத்த பெயர் இல்லை, இந்த ஊர் வைத்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், நானும் என் தங்கை கித்தேரியின் புருஷன் கஸ்பாரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன காலத்தில், ஐப்பசிக் காற்று ஒன்று சொல்லாமல் வந்தது. பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த ஊர்த்தலைவருடைய வள்ளத்தின் கயிறும் எங்கள் கயிறும் தண்ணீருக்கடியில் முறுக்கிக்கொண்டன. ஏதாவது ஒன்றை அறுக்காவிட்டால் இரண்டு வள்ளமும் போய்விடும் என்ற நிலையில், கஸ்பார் என் இடுப்பிலிருந்த கத்தியை உருவி அறுத்தான். அறுத்தது எங்கள் கயிறு இல்லை, அவர்களுடையது. தலைவருடைய வள்ளம் பாறையில் ஏறி இரண்டாகப் பிளந்தது, ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். ஊர்க்கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் கஸ்பார் என் வீட்டுக்கு வந்து, என் பாயில் உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுவிட்டு, நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன் மச்சான் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னான். மறுநாள் கோயில் முற்றத்தில், நான் வள்ளத்தின் முன்பக்கம் இருந்தேன், பின்னால் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை என்றான். கத்தி என்னுடையது, பிடியில் என் எழுத்து இருந்தது. ஒரு சீசன் முழுக்க ஊர்விலக்கு. அடுப்புக்கு நெருப்புக் கேட்டாலும் தர மாட்டார்கள், வள்ளம் தள்ள ஒரு கை வராது, என் மனைவி சலேத்மேரி கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்பார்கள். அன்று கூட்டம் முடிந்து நேராகக் கஸ்பாரின் வாசலுக்குப் போய், ஏழு மாத வயிற்றோடு நின்ற என் தங்கையைப் பார்த்து, இனி இந்த வாசலை மிதித்தால் நான் தொம்மை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவன், முப்பத்தொரு வருஷமாக மிதிக்கவில்லை. எந்த ரீலும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. என் சொல்லை நானே நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் வைகாசிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை, சலேத்மேரி ஒரு ரீலைப் பழைய துண்டில் பொதிந்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்து ஊர்க்காரர் யாரோ கொடுத்தார், கைப்பிடி பின்னால் ஓடுகிறதாம், சரிபண்ணித் தர முடியுமா என்று கேட்டார் என்றாள். இந்தக் கரையில் அந்த ஜாதி ரீலைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நான் சந்தேகப்படவில்லை.

இப்போது கடையில் விற்கிற, தூண்டில் கம்புக்குக் கீழே தொங்குகிற ரீல் இல்லை அது. கம்புக்கு மேலே உட்காருகிற பழைய ரீல். நடுவில் தேங்காய்ச் சிரட்டை பருமனுக்குத் தூண்டில் நரம்பு சுற்றும் உருளை, இரண்டு பக்கமும் கறுப்புத் தட்டு, வலது பக்கம் கைப்பிடி, கைப்பிடிக்கு அடியில் ஐந்து கால் வைத்த நட்சத்திரம் மாதிரி ஒரு திருகு. மீன் எதிர்த்து இழுக்கும்போது கைப்பிடி பின்னால் ஓடக்கூடாது, ஓடினால் விரலை முறித்துவிடும். அதற்காக உள்ளே பல்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க, அரை அங்குலம்கூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதை நாங்கள் நாக்கு என்போம். ஆனால் மீனை ஒரேயடியாகப் பிடித்து நிறுத்தினாலும் நரம்பு அறுந்துவிடும். அதனால் கைப்பிடி அசையாமல் நிற்க, உருளை மட்டும் வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை விட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் தோல் வட்டுகளும் அவற்றை இறுக்கித் தளர்த்துகிற அந்த நட்சத்திரமும், அது பிரேக். நாக்கும் பிரேக்கும் சேர்ந்தால்தான் அது ரீல்.

வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷையும் தையல் மெஷின் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பது என் வழக்கம், மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் தவறாது. தட்டைத் திறந்தால் உள்ளே உப்பு பூத்துக் கிடந்தது. கடலுக்குப் போய்வந்து ஒரு நாளாவது நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால் இப்படி ஆகாது. அதைவிடப் பெரிய பாவம், நட்சத்திரம் முழு இறுக்கத்தில் இருந்தது. ரீலை எடுத்து வைக்கும்போது பிரேக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும், இறுக்கியே வைத்தால் தோல் வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும், இது கம்பு பிடித்த எவனுக்கும் தெரியும். எந்த மடையன் இதை வைத்திருந்தான் என்று திட்டிக்கொண்டே பல்சக்கரத்தைத் துடைத்துத் திருப்பினேன். அதன் அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. தொ. க.

கீறியவன் நான்தான். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் சமையல்காரனிடம் ஒரு கூடை சிங்கி இறாலைக் கொடுத்துவிட்டு நானும் கஸ்பாரும் கூட்டாக வாங்கிய ரீல். ஊர்விலக்கு நாளன்று அவன் வீட்டில் இருந்ததால் அவனோடேயே தங்கிப்போன ரீல். பாதி என்னுடையது.

சலேத்மேரியைக் கூப்பிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர் யாருமில்லை, கஸ்பாரின் மகள் பனிமயம்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அன்று கித்தேரியின் வயிற்றில் இருந்த பிள்ளை அவள், இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ், அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். எங்கள் கரையில் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகத் தாய்மாமன் வீட்டுக்குள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். ரீலைச் சாக்காக வைத்து மாமாவைக் கூப்பிடலாம் என்று மாமியும் மருமகளுமாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

முப்பத்தொரு வருஷம் என் பொருளை உப்பில் அழுகவிட்டவன், இப்போது என் கையாலேயே அதைச் சரிபண்ணி வாங்கிக்கொள்வானாம். பரணில் ஏறினேன். அந்தக் கத்தி சாட்சிப் பொருளாக அங்கேதான் இருந்தது, ஒருநாள் ஊர் முன்னால் வைக்க வேண்டும் என்று துணி சுற்றி வைத்திருந்தேன். சொன்ன சொல்லில் பின்னால் போகிற பயலின் ரீலுக்கு, பின்னாலேயே போகாத ஒரு நாக்கு செய்து போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கத்தியின் நுனியை அறுத்து, அரத்தால் ராவி, பல்சக்கரத்தின் பல்லுக்குப் பல் பொருத்திப் பார்த்து, ஸ்பிரிங்குக்குப் பேனாவுக்குள் இருக்கிற சுருளை வெட்டிப் போட்டு மாட்டினேன். கைப்பிடியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். டிக் என்று ஒரு சத்தம். மயிரிழைகூட அசையவில்லை. பிரேக்குக்குப் புதுத் தோல் வெட்டிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவனுக்கு இது போதும் என்று கல்லாகிப்போன பழைய வட்டுகளையே வைத்து, நட்சத்திரத்தை என் பலம் முழுவதும் கொடுத்து இறுக்கி, தட்டை மூடி, வேண்டுமென்றால் அவனே வந்து கேட்கட்டும் என்று அலமாரி மேல் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் பாதியில் விட்ட வேலை அது ஒன்றுதான், அதைப் பற்றி நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் பஸ், ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பக்கத்தில் வழக்கம்போல ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தது, வரவில்லை. கண்டக்டர் வரலாம் வரலாம் என்று விசில் ஊதினார், டிரைவர் கியரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார், பஸ் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. தள்ளப் போனவர்கள் பஸ்ஸை முன்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தள்ள முடிந்தது, பின்னால் ஒரு அடி தள்ள முடியவில்லை. தள்ளி ஓய்ந்து இரண்டடி பின்னால் நகர நினைத்தவர்களுக்கும் கால் வரவில்லை, முழுக்கத் திரும்பி முன்னால் நடந்துதான் போனார்கள். மூன்றாம் நாள் ஐஸ் கம்பெனிக்காரர் சுவரை இடித்துக் கொடுத்தார், பஸ் அவருடைய வளவுக்குள் நுழைந்து ஒரு வட்டம் அடித்து வெளியே போனது, போகிற வழியில் பெண்கள் ஜன்னல் வழியாக ஐஸ் கட்டி அள்ளிக்கொண்டார்கள். நண்டுகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அவை எப்போதும் போலப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தன.

வண்டியும் காலும் போனால் போகட்டும், பேச்சுதான் பெரிய பாடாக இருந்தது. சொன்னது சொன்னதாகவே நின்றது. டீக்கடைக்காரர் ஏதோ கோபத்தில் வடக்குத் தெரு ஆண்களுக்கு இனி டீ ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் சமாதானமாகி, சும்மா சொன்னேன் வே என்று கிளாஸை எடுத்தார், கை வரவில்லை. அந்த நேரம் என் வீட்டில் அலமாரி மேல் இருந்த ரீல் டிக் என்றது. பிறகு அவர் வடக்குத் தெருப் பெண்களுக்கு ஊற்ற, அவர்கள் வாங்கிப் புருஷன்மாருக்குக் கொடுத்தார்கள். ஒரு தாய் தன் மகனைப் பார்த்து, இனி உன்னை இந்த வீட்டுக்குள் விட மாட்டேன் என்று தினமும் சொல்கிற வசவைச் சொல்லி, சொன்னபடியே கதவில் நின்று மறித்துக்கொண்டு அழுதாள், பையன் முப்பத்து மூன்று நாள் சித்தி வீட்டில் கோழிக்குழம்பு தின்று கொழுத்துத் திரும்பினான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போன ஆண்களில் பதினேழு பேர், இனிக் குடிக்க மாட்டேன் சாமி என்று வாரா வாரம் சொல்வதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, நேராகப் போகிற இடத்துக்குப் போய், கிளாஸ் வாய்க்கு அருகில் வந்ததும் கை அந்தரத்தில் நிற்க, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஆண்கள் ஒருவரும் கோயில் பக்கம் வரவில்லை, பெண்டாட்டிமார் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். ஓட்டுக் கேட்க வந்த ஒருவர், பெயர் எதற்கு, இந்த ஊருக்கு அலை தடுக்கும் தூண்டில் வளைவை நானே கல் சுமந்து கட்டித் தருவேன் என்று மைக்கில் சொன்னார். கார் ஏறப் போனால் கால் நகரவில்லை, கல் இருக்கிற திசைக்குத்தான் நகர்ந்தது. ஒன்பது நாள் சுமந்தார், கூட வந்தவர்கள் குடை பிடித்தார்கள். அவர் போட்ட கல் எல்லாம் இன்றும் அலையில் அசையாமல் நிற்கிறது, கான்டிராக்ட்டில் போட்டது போய்விட்டது.

ஊர் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகவில்லை. பத்து நாளைக்குள் முள்ளித்துறை முழுக்கக் கேள்வியாகப் பேச ஆரம்பித்தது, ஏனென்றால் கேள்விக்குப் பிடிபடுகிற முனை கிடையாது. வருவேன் என்பதற்கு வந்தால் என்ன என்றார்கள், தர மாட்டேன் என்பதற்குத் தரத்தான் வேண்டுமா என்றார்கள். தாய்மார் பிள்ளைகளைத் திட்டும்போது, உன்னை வெளுக்கட்டுமா வேண்டாமா, நீயே சொல் என்றார்கள். அந்த டிக் சத்தத்தை முதலில் பல்லி என்று நினைத்தார்கள், பல்லி சொன்னால் நடக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுப் பக்கம் வருகிறவர்களுக்குச் சத்தம் பெரிதாகக் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

கமிட்டி வந்தது. தலைவர் இஞ்ஞாசி, அன்று வள்ளம் உடைந்தவருடைய மகன், பின்னால் எட்டுப் பேர். ஒரு காலத்தில் இதே ஆட்களின் அப்பன்மார் என் வீட்டைத் தாண்டும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு போவார்கள். இஞ்ஞாசி எல்லாவற்றையும் கேள்வியாகவே பேசினான். ரீலைத் திறந்து அந்த நாக்கை எடுத்துவிட்டால் ஊருக்கு நல்லதில்லையா மாமா, உமக்கும் பெயர் கிடைக்காதா என்றான்.

எனக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறீர்களே, அது போதாதா என்று நானும் கேள்வியாகவே கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஒன்பது பேரும் பணிந்து நிற்பதைப் பார்த்ததும் முப்பத்தொரு வருஷமும் தொண்டைக்கு ஏறி வந்துவிட்டது.

"கயிறை அறுத்தது யாருன்னு கஸ்பார் ஊர் முன்னால தன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த மூடியை நான் தொறக்க மாட்டேன். அவன் வாசலையும் மிதிக்க மாட்டேன்."

அலமாரியில் டிக் என்றது. சலேத்மேரி அடுப்படியிலிருந்து, என்ன சொல்லித் தொலைச்சீக என்று தலையில் கைவைத்துக்கொண்டு வந்தாள். அன்று மத்தியானமே நான் திறந்து பார்க்க நினைத்தேன், ஊருக்காக இல்லை, அந்தப் பிரேக் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. திருப்புளியை எடுத்தேன், திருகுக்கு அருகில் போனதும் கை நின்றுவிட்டது. வேறு யாரையாவது திறக்கச் சொல்லலாமா என்றால், தெரியாதவன் திறந்தால் அந்தப் பேனாச் சுருள் பறந்து மணலில் விழுந்துவிடும், பிறகு நாக்கு அந்த இடத்திலேயே சிக்கி, காலத்துக்கும் இப்படியேதான்.

கமிட்டி கஸ்பாரிடம் போனது. அவன் பேசவில்லை. அன்று மட்டும் இல்லை, பஸ் நின்ற வெள்ளிக்கிழமையிலிருந்தே அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பசித்தால் தட்டைக் காட்டுகிறான், கூப்பிட்டால் தலையை ஆட்டுகிறான். ஊரில் எல்லோரும் பத்து நாள் அடிபட்டுப் படித்ததை அவன் முதல் நாளே படித்துக்கொண்டான் பாருங்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும், வந்தால் திரும்பப் போகாது, அதனால் பூட்டிவிட்டான், அவ்வளவு காரியக்காரன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஓலை முதல் ஞாயிறு வாசித்தார்கள், இரண்டாம் ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாவது ஓலை முடிந்த அன்று பனிமயம் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, தெருவில் போகிறவர்கள் காது கேட்க, மாமா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனால்தான் இந்த வாசலைத் தாண்டுவேன் என்று சொல்லிவிட்டாள். கேள்வியாகச் சொல்லவில்லை. தவறிப்போய்ச் சொல்லவும் இல்லை, நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஊசி எங்கே போட வேண்டும் என்று தெரிந்து போட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக நினைத்தவளுக்குக் கால் வாசலைத் தாண்டவில்லை. லீவு எழுதிக் கொடுத்தாள். நான் உள்ளே போக முடியாது, அவள் வெளியே வர முடியாது, கல்யாண நாள் இருபத்தொரு நாளில் வருகிறது, வாசித்த ஓலையோ பின்னால் போகாது. ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. இஞ்ஞாசி யோசித்து, வாசல் படிக்கல்லையே பெயர்த்துவிட்டால் வாசல் என்று ஒன்று இருக்காதே என்று ஆள் வைத்துப் பெயர்த்தான். பிறகு நிலையையும் கதவையும் கழற்றிச் சாய்த்து வைத்தார்கள். பனிமயத்தின் கால் அந்தக் கோட்டை விடாமல் தெரிந்து வைத்திருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கித்தேரி என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தொரு வருஷமாகக் கோயிலில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முடி முழுக்க வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னாள் சலேத்மேரி, அவள் உட்காரவில்லை.

"அண்ணே, அவரு அன்னைக்குச் சொல்லத்தான் இருந்தாரு. நான்தான் காலைப் பிடிச்சேன்."

நான் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஏழு மாசம். நம்மளை விலக்கிட்டா பிள்ளைப்பேறுக்கு ஒரு பொம்பளை வாசல்ல வந்து நிக்க மாட்டா. அண்ணன் எப்படியும் தாங்கிக்கிடுவான், நான் தாங்க மாட்டேன்னேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு வயித்துல கைவைக்கச் சொல்லி சத்தியம் வாங்குனேன். இப்ப பேசுனா என் பேரு வந்துரும்னுதான் அவரு வாயைக் கட்டிக்கிட்டு இருக்காரு. அந்தச் சத்தியத்தை நான் அவிழ்த்துவிட்டுட்டுதான் வாரேன்."

ரீல் சத்தம் போடவில்லை, ஏனென்றால் சத்தியம் அவன் செய்தது, அவள் தன் சொல் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வரவில்லை.

அவள் போன பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு இடம் போதவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதனைத் திட்டியிருக்கிறேன், வலை பின்னும்போது திட்டியிருக்கிறேன், செபமாலை சொல்லும்போது நடுநடுவே திட்டியிருக்கிறேன், அத்தனையும் விலாசம் மாறிப் போயிருக்கிறது என்றால் யாரிடம் கேட்பது. தங்கையைத் திட்டலாம் என்றால், அவள் சொன்னது உண்மை, நான் தாங்கிக்கொண்டேன். கஸ்பாரை விட்டுவிடலாம் என்றால், சத்தியம் வாங்கினது அவளாக இருந்தாலும் பொய் சொன்ன வாய் அவனுடையதுதானே. அது அவளுடைய வாய் இல்லையே. அந்த அளவில் கோபத்தை மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை ரீலையும் திருப்புளியையும் எண்ணெய்க் குப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். கஸ்பார் வீட்டின் முன்னால் ஊர் முழுக்க நின்றது, பேண்டு வாத்தியக்காரர்கள் குழலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கதவு கழற்றின வாசலுக்குள் பனிமயம் வெள்ளைச் சேலையும் முக்காடுமாக, கையில் பூச்செண்டோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கித்தேரியின் மூக்கு அப்படியே. நான் கடைசி அடிவரை நடந்து, காலைத் தூக்கினேன். வரவில்லை. கச்சான் காற்றுக்கு எதிராகப் பாய் இழுப்பது போல மறுபடி தூக்கினேன், பையிலிருந்து டிக் டிக் என்று சத்தம்தான் வந்தது. யாரோ ஒருத்தன் சிரித்தான், எவன் என்று எனக்குத் தெரியும், பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது பனிமயத்துக்குப் பின்னாலிருந்து கஸ்பார் வந்தான். காலம் முழுக்க இடுப்பில் சாரம் கட்டியவன், மகள் கல்யாணத்துக்காகப் பேன்ட் போட்டு, புதுத் தோல் பெல்ட் இறுக்கியிருந்தான். முப்பத்தெட்டு நாள் பேசாத தொண்டை முதலில் காற்றைத்தான் விட்டது. பிறகு சொன்னான்.

"கயிறை அறுத்தது நான். தொம்மை மச்சான் கத்தி, என் கை. பயந்துபோய் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

இவ்வளவுதான். கித்தேரி பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை, அதனால்தான் இன்றுவரை ஊருக்கு அது தெரியாது, இப்போது நீங்கள் படித்துவிட்டீர்கள், இங்கே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் குறைவு. இஞ்ஞாசி தன் செருப்பைப் பார்த்தான்.

என் கைக்கு உயிர் வந்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்து, கித்தேரி நீட்டிய துண்டை விரித்து, தட்டைத் திறந்தேன், திருகுகளை இடமிருந்து வலமாக வைத்தேன். நாக்கை எடும், எடும் என்று கமிட்டி முழுக்கக் கழுத்தை நீட்டியது. கஸ்பார் வாசலுக்குள்ளேயே குத்தவைத்து உட்கார்ந்து, குனிந்து பார்த்தான். அவனுக்கும் ரீல் தெரியும், என்னோடு சேர்ந்து படித்தவன்.

"நாக்கு நல்லாத்தானே இருக்கு வே," என்றான் மெதுவாக. "பிரேக்கை இந்த இறுக்கு இறுக்கி வச்சிருக்கீரே. இப்படி வச்சா எப்படி விட்டுக் கொடுக்கும்?"

ஊர் முன்னால். என்னிடம். முப்பத்தொரு வருஷம் இறுக்கியே வைத்து வட்டைக் கல்லாக்கினவன் என்னைப் பார்த்துக் கேட்கிறான். ஆனால் கடைசியாக இறுக்கினவன் நான். பழைய வட்டுகளைத் திருப்புளியால் நெம்பி எடுத்தேன், ஓடு மாதிரி உடைந்து வந்தன.

"தோலு வேணும்," என்றேன்.

கஸ்பார் சட்டென்று எழுந்து பெல்ட்டை உருவினான். புதுத் தோல், எண்ணெய் வாடை போகாதது. அவன் ஒரு முனையைப் பிடிக்க, நான் கத்தரிக்கோலால் நான்கு வட்டு வெட்டினேன், நடுவில் அவனே ஆணியால் துளை போட்டுக் கொடுத்தான். ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தோலும் உலோகமுமாக மாற்றி மாற்றி அடுக்கி மூடி, நட்சத்திரத்தை இரண்டு பல் தளர்த்தினேன். கைப்பிடியைப் பின்னால் தள்ளினேன், அசையவில்லை. கஸ்பார் உள்ளிருந்து நரம்பைப் பிடித்து இழுத்தான், உருளை ஒரு முனகலோடு வழுக்கி, இழுத்த அளவுக்கு விட்டுக் கொடுத்தது.

காலைத் தூக்கினேன். வந்தது, ஆனால் சும்மா வரவில்லை, இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஐஸ் கம்பெனிப் பக்கம் பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. பனிமயத்தின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன், பேண்டு முழங்கியது, பின்னால் கஸ்பார் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே கோயில் வரை நடந்தான், பூசை முழுக்க அப்படியே நின்றான், போட்டோவிலும் அப்படியேதான் இருக்கிறான்.

இதெல்லாம் முடிந்தது என்று நினைத்தால், பந்தியில் உட்கார்ந்து முதல் கவளம் வாயில் வைக்கும்போது, சோற்று வாளியோடு வந்த ஒருவன், அறுப்பு மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றான். அவன் அப்பன் சொல்லிப் பழகியது அவன் வாயில் வருகிறது, ஊர் முன்னால் ஒருத்தன் ஒப்புக்கொண்டாலும் வாய் அதே தடத்தில்தான் ஓடுகிறது. கஸ்பார் கறிக்குழம்பை என் இலையில் ஊற்றிவிட்டு அவனை முறைத்தான். அந்தக் கஸ்பாரே ஒரு மாதம் கழித்து டீக்கடையில், அன்றைக்குக் காற்று அப்படி, யார் அறுத்தாலும் அறுத்திருப்பார்கள் என்று கொஞ்சம் வழுக்கினானாம். பிரேக் தளர்ந்தால் அவ்வளவு வழுக்கத்தான் செய்யும், ஆனால் அறுக்கவில்லை என்று அவனால் சொல்ல முடியாது, நாக்கு உள்ளேதான் இருக்கிறது.

ரீல் ஆறு மாசம் அவன் வீட்டில், ஆறு மாசம் என் வீட்டில் என்று பேசி வைத்திருக்கிறோம். இப்போது என்னிடம் இருக்கிறது. தெருவில் எவனாவது அறுப்பு என்று கூப்பிட்டால் நான் சண்டைக்குப் போவதில்லை, வீட்டுக்குள் போய் நட்சத்திரத்தை ஒரு பல் இறுக்குகிறேன். அவன் அன்று பொழுது சாயும்வரை ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து, கேள்வியாகவே பேசிக்கொண்டு திரிவான். படுக்கப் போகும்போது மறக்காமல் தளர்த்தி வைக்கிறேன், இறுக்கியே வைத்தால் வட்டு கெட்டுவிடும்.